எண்பது மில்லி

பாயான் லெப்பாஸில் ஒரு மருத்துவக் கருவித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மின்சாரத்தால் திசுவைச் சுடும் அறுவைச் சிகிச்சை இயந்திரங்களுக்கான மின்பலகைகள் எங்கள் லைனில் ஓடும். ஒவ்வொரு பலகையும் சொன்ன அளவு வாட் கொடுக்கிறதா, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அது கடைசியில் யார் உடம்புக்குள் போகிறது என்று முதல் ஒரு வருஷம் நான் யோசித்ததே இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் மின்னியல் படித்தவனுக்கு உடம்பு என்றால் ஒரு மின்தடை, அவ்வளவுதான்.

ஒருமுறை பயிற்சி வகுப்பில் நோவாஷூர் என்ற கருவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அது எங்கள் தொழிற்சாலைச் சரக்கு இல்லை. வடிவமைப்புப் பாடத்துக்காகச் சொன்னது. தங்க முலாம் பூசிய ஒரு வலை, மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் போய் முக்கோணமாக விரியும். முதலில் கொஞ்சம் கரியமில வாயுவைச் செலுத்தி, சுவரில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். அப்புறம்தான் மின்சாரம். ஈரமான உட்சவ்வுக்கு மின்தடை குறைவு. சுட்டுக் காயக் காய ஏறும். 50 ஓமைத் தொட்டதும் இயந்திரம் தானாக நின்றுவிடும். தொடாவிட்டாலும் 2 நிமிடத்தில் நின்றுவிடும். சராசரியாக 90 நொடி வேலை. மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகிற பெண்களுக்கான சிகிச்சை. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வயிற்றில் கத்தி படாது, தையல் கிடையாது, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். நல்ல டிசைன் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் சுங்கைப் பட்டாணிக்கு வீட்டுக்குப் போனபோது இதை அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “டேய், அம்மாவுக்கு இதுக்குத்தானே கர்ப்பப்பையே எடுத்தாங்க” என்றாள்.

2009-இல் அம்மாவுக்கு ஒரு ஆப்பரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். நான் அப்போது படிவம் ஒன்று. ‘வயித்துல கட்டி மாதிரி’ என்று யாரோ சொன்னார்கள். நானும் குடல்வால் என்று நானாகவே முடிவுசெய்து வைத்திருந்தேன். பதினைந்து வருஷம் அது குடல்வாலாகவே இருந்தது. கட்டி எதுவும் இல்லை, ஸ்கேனில் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான்கு வருஷம் அப்படிப் போயிருக்கிறது. அம்மா அப்போது ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே செய்கிற வேலையில் இருந்தார். கிளினிக்குக்குப் போனால் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி: “பெராப்பா பேட் சத்து ஹாரி?” ஒரு நாளைக்கு எத்தனை பேட்? அம்மா “மூணு, நாலு” என்பார். அட்டையில் அதை எழுதி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மூன்று நான்கு என்பது உண்மைதான். ஆனால் லைனை விட்டுக் கழிவறைக்குப் போக சுப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். பேட் விலையும் கொஞ்சமல்ல. அதனால் பேட்டுக்கு மேலே பழைய கைலித் துணியை மடித்து வைத்துக்கொண்டு, தாங்கும்வரை தாங்கித்தான் மாற்றுவார். அந்த மூன்றுக்குள் எவ்வளவு ரத்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, லைனிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போனதும் ஒரே பேச்சு: பிள்ளை பெற்றாயிற்று, எடுத்துவிடலாம்.

‘எத்தனை பேட்’ என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. அளவு எடுப்பது என் தொழில். தப்பாக எடுத்த அளவு எவ்வளவு தூரம் போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

மாதவிடாய் ரத்தத்தை ஒழுங்காக அளக்க வழி கண்டவர்கள் சுவீடன்காரர்கள். 1964-இல் ஹால்பெர்க், நில்சன் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். பயன்படுத்திய பேட் அனைத்தையும் பெண்கள் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவற்றை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் வேறொரு நிறப்பொருளாக மாறும். அந்தக் கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்து, அதே பெண்ணின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டால் எத்தனை மில்லிலிட்டர் போனது என்று கணக்கு வந்துவிடும். இன்றைக்கும் ஆய்வுக்கூடத்தில் இதைவிட நம்பகமான முறை அதிகமில்லை. இந்த முறையைக் கொண்டு கோத்தன்பர்க் நகரில் 476 பெண்களை அளந்து 1966-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாதவிடாய்க்குச் சராசரி இழப்பு 40 மில்லிலிட்டரைச் சற்றுத் தாண்டியது. 80-க்கு மேல் போகிறவர்களிடம் ரத்தசோகை கூடுதலாகத் தெரிந்தது. அந்த 80 எல்லைக்கோடு ஆனது.

பாடப்புத்தகங்கள் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டன. 80-க்கு மேல் நோய், 80-க்குக் கீழ் இயல்பு. ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், அது மோசமான அளவீடு இல்லை. ஆனால் அது ரத்தசோகைக்கான கோடு, துன்பத்துக்கான கோடு இல்லை. அதுவும் சுவீடன் நாட்டுச் சாப்பாட்டையும் அங்கத்திய உடம்புகளின் இரும்பு இருப்பையும் வைத்து வந்த கோடு. மாசத்துக்கு இரண்டு தடவை இறைச்சி சாப்பிடுகிற பெண்ணுக்கு அந்தக் கோடு கீழே இறங்கும் என்று ஊகிக்க மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

கிளினிக்கில் யாரும் பேட்டை ஊறவைக்கப் போவதில்லை. அதனால் எண்ணத் தொடங்கினார்கள். எண்ணிக்கையும் உண்மையான அளவும் ஒத்துப்போகவில்லை என்று 1980-லேயே இங்கிலாந்தில் சிம்பிராவும் கூட்டாளிகளும் அளந்து காட்டிவிட்டார்கள். ஒருத்தி லேசாக நனைந்ததும் மாற்றுவாள், இன்னொருத்தி முழுக்க ஊறும்வரை வைத்திருப்பாள். காசு, கூச்சம், வேலை, எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 1990-இல் ஹிகமும் உடன் ஆய்வாளர்களும் படம் போட்ட அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். லேசாகக் கறை பட்ட பேட்டுக்கு 1 புள்ளி, பாதி நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. மொத்தம் 100 வந்தால் 80 மில்லிலிட்டரைத் தாண்டியிருக்கலாம். எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் மூன்று பேட்டுக்கு ஒரே நாளில் 60 வந்திருக்கும், துணியைக் கணக்கில் சேர்க்காமலேயே.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. தாங்க முடியவில்லை என்று வந்த பெண்களை முறையாக அளந்தபோது, அவர்களில் கணிசமான பேர் 80-ஐத் தொடவே இல்லை. ‘அப்படியானால் உனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லலாம். பல வருஷம் அப்படித்தான் சொன்னார்கள். ‘நாம் தப்பான பொருளை அளக்கிறோமோ’ என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வி மெல்லத்தான் வந்தது. அதைக் கொண்டுவந்ததில் புதிய சிகிச்சைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதுவரை கடைசி வழி கருப்பையை எடுப்பதுதான். 1843-இல் மான்செஸ்டரில் சார்ல்ஸ் கிளே வயிற்றைத் திறந்து எடுத்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. மயக்க மருந்தும் ரத்த ஏற்றமும் ஆன்டிபயாடிக்கும் வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டில் அது அன்றாட அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. பிரச்சினை நிச்சயமாகத் தீரும். ஆனால் பெரிய அறுவை, பல வார ஓய்வு, சிறுநீர்ப்பைக்கும் குழாய்க்கும் காயம் படுகிற அபாயம்.

கருப்பையை விட்டுவிட்டு உட்சவ்வை மட்டும் அழிக்கலாமே என்ற யோசனை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யாவில் ஸ்னெகிரேவ் நீராவியை உள்ளே செலுத்திப் பார்த்திருக்கிறார். இப்போது நாம் அறிந்த வடிவம் 1981-இல் வந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மில்டன் கோல்ட்ராத், ஹிஸ்டெரோஸ்கோப் என்ற மெல்லிய பார்வைக் குழலை உள்ளே விட்டு, லேசர் கதிரால் உட்சவ்வைச் சுட்டு எடுத்தார். 1948-இல் ஆஷர்மன் என்ற மருத்துவர், கருப்பையைச் சுரண்டி எடுத்ததால் உள்சுவர் ஒட்டிப்போய் மாதவிடாய் நின்றுபோன பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். அங்கே அது விபத்து. கோல்ட்ராத் செய்தது ஒரு வகையில் அதே விபத்தை வேண்டுமென்றே, கண்ணால் பார்த்துக்கொண்டே செய்வது. இதனால்தான் இனி பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது.

லேசர் விலை அதிகம். அடுத்து மின்கம்பி வளையத்தால் சீவி எடுக்கும் முறை வந்தது. இந்த இடம் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நிற்கிறேன். கருப்பையை விரித்துப் பிடிக்க உள்ளே திரவம் நிரப்ப வேண்டும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியில் குவிய வேண்டிய மின்னோட்டம் சிதறிப்போகும். அதனால் மின்சாரம் கடத்தாத கிளைசின் கரைசலைப் பயன்படுத்தினார்கள். வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் வழியாக அந்தத் திரவம் உடம்புக்குள் போனால் ரத்தத்தில் சோடியம் குறையும். அதிகமானால் மூளை வீங்கும். மின்னியல் பிரச்சினையைத் தீர்க்கப் போய் வேதியியல் பிரச்சினையை இழுத்துவிட்டது. எவ்வளவு திரவம் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று ஒரு ஆள் பக்கத்தில் நின்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கை தவறினால் கருப்பைச் சுவரில் ஓட்டையும் விழும். பிரிட்டனில் 1993-94-இல் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களின் சிகிச்சையைப் பதிவுசெய்து பார்த்தார்கள், இந்த விபத்துகளை எண்ணுவதற்காகவே.

மருத்துவரின் கைத்திறனை நம்பாத கருவிகள் அதற்குப் பிறகு வந்தன. தெர்மாசாய்ஸ் என்ற பலூனை உள்ளே வைத்து, அதில் நிரப்பிய திரவத்தை 87 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி 8 நிமிடம் வைத்திருந்தார்கள். 1997 கடைசியில் அமெரிக்க அனுமதி. பிறகு நான் குறிப்பேட்டில் எழுதிய 50 ஓம் கருவி.

பின்லாந்தில் ஆராய்ச்சி வேறு பாதையில் போனது. தப்பானி லுக்காய்னென் உருவாக்கிய ஹார்மோன் கருத்தடைச் சாதனம் 1990-இல் அங்கே சந்தைக்கு வந்தது. மிரெனா என்ற பெயர் நம் ஊர் கிளினிக்குகளிலும் பழக்கம். கருப்பைக்குள் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு 20 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கசியவிடும். கருத்தடைக்குச் செய்ததுதான், ஆனால் ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்ததைப் பார்த்து அதையே மருந்தாக்கினார்கள். இந்தப் பயன்பாட்டுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2009-இல். அம்மாவுக்கு ஆப்பரேஷன் நடந்த அதே வருஷம். பின்லாந்தில் அதற்கு வெகு முன்பே புழக்கத்தில் இருந்தது.

இத்தனை வழிகள் வந்த பிறகு எது நல்லது என்று எப்படிச் சொல்வது? கருப்பையை எடுத்தால் ரத்தம் பூஜ்யம். மற்ற எதைச் செய்தாலும் கொஞ்சமாவது வரும். மில்லிலிட்டரில் ஒப்பிட்டால் போட்டியே இல்லை. எனவே பெண்களிடமே கேட்க வேண்டிய கட்டாயம் வந்தது: உனக்குத் திருப்தியா?

‘திருப்தி’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். எங்கள் தொழிற்சாலையிலும் வாடிக்கையாளர் திருப்திப் படிவம் உண்டு. ஐந்துக்கு நாலு போடுகிறவர்கள் பாதிப் பேர் படிவத்தைப் படிக்காமல் போடுகிறவர்கள். ஆனால் இந்த ஆய்வுகளைப் படித்தபோது அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது.

பிரிஸ்டலில் 1993-இல் வந்த ஆய்வில், சீவி எடுத்தவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். கருப்பையை எடுத்தவர்களில் 94 சதவீதம். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து வந்த ஆய்வில் 204 பெண்கள். ஒரு வருஷம் கழித்து ‘மிகவும் திருப்தி’ என்றவர்கள் கருப்பையை எடுத்தவர்களில் 89 சதவீதம், உட்சவ்வை மட்டும் அழித்தவர்களில் 78. சின்னச் சிகிச்சைதான் ஜெயிக்கும் என்று நினைத்தவன் நான். அறுத்துக்கொண்டு வாரக்கணக்கில் படுத்தவர்கள் அல்லவா கூடுதலாகத் திருப்தி என்கிறார்கள். 2019-இல், துளை வழியாகக் கருப்பையின் மேற்பகுதியை எடுக்கும் நவீன முறையை இரண்டாம் தலைமுறைக் கருவிகளோடு பிரிட்டனின் 31 மருத்துவமனைகளில் ஒப்பிட்டபோதும் அதே கதை: 97-க்கு 87.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. ஸ்காட்லாந்துப் பதிவேடுகளின்படி, உட்சவ்வை அழித்துக்கொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் பிற்பாடு கருப்பையை எடுக்க வேண்டி வந்திருக்கிறது. ‘திரும்ப வருமோ’ என்ற பயம் போய்விடுவதும் திருப்தியில் சேர்த்திதான். ஆனால் அபர்டீனில் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்கள்: இதையே இன்னொருவருக்குச் சிபாரிசு செய்வீர்களா? அதற்கு ஆமாம் என்றவர்கள் 72-உம் 71-உம். வித்தியாசமே இல்லை. தனக்கு நடந்தது சரி என்பவளும் இன்னொருத்திக்கு அதையே சொல்லத் தயங்குகிறாள். இந்த இரண்டு எண்களையும் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்லாந்து ஆய்வு இன்னும் விசித்திரம். 236 பெண்களில் ஒரு பாதிக்குக் கருப்பை நீக்கம், மறுபாதிக்கு ஹார்மோன் சாதனம். 5 வருஷம் கழித்துப் பார்த்தால் சாதனம் வைத்த குழுவில் 42 சதவீதம் பேர் கடைசியில் கருப்பையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு கருவியைச் சோதிப்பவனாக இதைத் தோல்வி என்று முத்திரை குத்தியிருப்பேன். ஆனால் இரண்டு குழுவின் திருப்தியும் வாழ்க்கைத் தரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. சாதனக் குழுவுக்குச் செலவும் குறைவு. சின்ன வழியை முதலில் பார்த்துவிட்டு, போதவில்லை என்று தானே முடிவெடுத்துப் பெரிய வழிக்குப் போனவளுக்கு அது தோல்வியாகத் தோன்றவில்லை போலிருக்கிறது.

2002-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று இதைக் கிட்டத்தட்ட நிரூபிக்கிறது. தென்மேற்கு இங்கிலாந்தில் 894 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு குழுவுக்கு எல்லாச் சிகிச்சைகளையும் விளக்கும் கையேடும் வீடியோவும். மூன்றாவது குழுவுக்கு அதே கையேடு, கூடவே ஒரு ஆள் உட்கார்ந்து, ‘உனக்கு இதில் எது முக்கியம், எதற்குப் பயப்படுகிறாய்’ என்று கேட்கிற ஒரு பேட்டி. கையேடு மட்டும் வாங்கியவர்களில் கருப்பையை எடுத்துக்கொண்டவர்கள் 48 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைப் போலவே. பேட்டி நடந்த குழுவில் 38. புதுக் கருவி எதுவும் இல்லை, வெறும் பேச்சு.

2007-இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் 80 மில்லிலிட்டரை ஒதுக்கி வைத்தது. ஒரு பெண்ணின் உடல், மனம், சமூக வாழ்க்கை, அன்றாடப் புழக்கம் இவற்றைக் கெடுக்கிற அளவு போனால் அதுதான் அதிக ரத்தப்போக்கு. வழக்கமாக அளந்து பார்க்கத் தேவையில்லை. பிரச்சினையா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். கோத்தன்பர்க்கில் தொடங்கி நாற்பது வருஷம் ஆயிற்று இந்த இடத்துக்கு வர.

இப்போதைய ஆய்வுகளில் புள்ளிக்கு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். ஆறு தலைப்பு: கறை, மாற்றுத்துணி போன்ற நடைமுறைத் தொல்லை, வெளியே போய்வருவது, மனநிலை, உடல்நிலை, வேலை, குடும்பம். போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, பழைய நாளை நினைத்துப் பதில் சொல்லுங்கம்மா என்று அதை அம்மாவிடம் கேட்டேன். “ஆம்பளப் பிள்ளகிட்ட இதெல்லாம் என்னத்தச் சொல்ல” என்று முதலில் எழுந்து போகப் பார்த்தார். அக்கா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நான் தமிழில் கேட்பேன், அக்கா அதையே திருப்பிக் கேட்பாள், அம்மா அக்காவைப் பார்த்துப் பதில் சொல்வார்.

கறைக்கு: மோட்டார் சைக்கிள் சீட்டில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை விரித்து வைத்திருந்தாராம். வெளியே போவதற்கு: நான்கு வருஷம் எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. மனநிலைக்கு, “அதெல்லாம் யாரு பாத்தா.” வேலைக்கு, எம்.சி. எடுத்தால் சுப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பதை நடித்தே காட்டினார். குடும்பம் என்றதும் அக்காவே அந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டிவிட்டாள்.

கடைசியில் நானே நேராகக் கேட்டேன். “ஆப்பரேஷன்ல திருப்தியாம்மா?”

“திருப்திதான். ரத்தம் நின்னுச்சுல்ல.”

அறுக்காமல் செய்கிற வேறு வழி அப்போதே இருந்தது என்று சொன்னேன். சாதனத்தைப் பற்றியும் பலூனைப் பற்றியும் 90 நொடியைப் பற்றியும் சொன்னேன். ஐந்தில் ஒருவருக்குப் பிற்பாடு எடுக்க வேண்டி வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா அதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே, “அதுக்கு எத்தன நாள் லீவு எடுக்கணும்?” என்றார்.

“ஒரு நாள், ரெண்டு நாள் போதும்மா.”

கை நின்றது. “எனக்கு ரெண்டு மாசம் ஓ.டி. இல்ல. அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் போச்சு. அந்த வருஷம்தானே உன் டியூஷனை நிறுத்துனது” என்றார். டியூஷன் மாஸ்டர் ஊர் மாறிப் போய்விட்டார் என்றுதான் அப்போது என்னிடம் சொல்லியிருந்தார்கள்.